சம்பளமில்லாத மூன்று மாதம்



பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு கேள்விக்கு இம்மாதம் இப்பக்கத்தை ஒதுக்குகிறேன். "அம்மா, ஒரு கொம்பனியில மூண்டு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. சம்பளம் இல்லை. போகட்டா?" உள்ளகப் பயிற்சி என்று பல்கலைக்கழகக் கடிதங்களில் எழுதப்படுவது இதுதான். மருதானையில் உள்ள எமது அலுவலகத்துக்கு வரும் தாய்மார் பலர் இதுபற்றிக் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து இருப்பவர்கள், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்கள், கணவனை யுத்தத்தில் இழந்து தையலிலும் சமையலிலும் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள். "பேர் போன கொம்பனி எண்டு சொல்லுகினம், தங்கச்சி. வேண்டாமெண்டு விட்டாப் பிறகு கிடைக்குமோ தெரியேல்லை" என்பதுதான் அவர்களுடைய பயம்.

மேலைநாடுகளில் நீண்ட கோடை விடுமுறையில் மாணவர்கள் வர்த்தக நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போவது வழக்கம். எமது நாட்டில் அப்படியொரு கோடை இல்லை. எமது பிள்ளைகளுக்கு இருப்பது காத்திருப்பு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டும், பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் சும்மா இருப்பதைவிட எங்காவது போகட்டும் என்று தாய் நினைப்பது இயல்பே. ஆனால் "எங்காவது" என்பதற்கும் செலவு உண்டு.

முதலில் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்கெழுதுங்கள். பஸ் அல்லது ரயில், மத்தியானச் சாப்பாடு, தொலைபேசி, அலுவலகத்துக்கு உடுத்த இரண்டு மூன்று உடுப்பு. நாளொன்றுக்கு 500 ரூபாய் போகிறதென்றால், மாதத்தில் 22 வேலைநாளுக்கு 11,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு 33,000 ரூபாய். வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பிள்ளை வந்து தங்குவதானால் அறை வாடகை வேறு. சம்பளமில்லாத வேலை என்று சொல்கிறோம். உண்மையில் இது நாம் காசு கொடுத்துச் செய்யும் வேலை. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.

இக்கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. 'பிளாக் ஸ்வான்' என்ற திரைப்படத் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த எரிக் கிளாட் முதலிய பயிற்சியாளர்கள் 2011இல் வழக்குத் தொடுத்தார்கள். முகாமைத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற கிளாட் அங்கு கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். 2013இல் நீதிபதி அவர்களை ஊழியர்களாகவே கருதவேண்டும் என்றார். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏற்காமல் வேறோர் அளவுகோலை வைத்தது. இந்த ஏற்பாட்டால் கூடுதல் நன்மை அடைபவர் யார், மாணவரா நிறுவனமா? படிப்போடு தொடர்புள்ள பயிற்சியா, சம்பளம் வாங்குபவரின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்விக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது. அந்தச் சட்டம் எம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தக் கேள்வியை எமது குசினியில் இருந்துகொண்டும் கேட்கலாம்.

நான் அறிந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் முகாமைத்துவம் படிப்பவர்கள். ஒருவர் கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் பெரிய நிறுவனமொன்றுக்குப் போனார். தாய்க்குப் பெருமை, அயலவருக்கும் சொன்னார். மூன்று மாதம் முடிய என்ன பழகினீர்கள் என்று கேட்டேன். "போட்டோகொப்பி மெஷினில பேப்பர் சிக்கினா எடுக்கத் தெரியும் அக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் தாய் காப்பை அடகு வைத்தது அவருக்குத் தெரியும். மற்றவர் போனது பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றுக்கு. எண்ணெய் மணக்கும் கடை. முதலாளி பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தார். இருப்புப் பதிவது, சிட்டைகளைச் சரிபார்ப்பது, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிப்பது எல்லாம் இரண்டாம் மாதத்திலேயே அவருடைய பொறுப்பாகிவிட்டன. வாடிக்கையாளரோடு பேசிப் பேசிச் சிங்களமும் வந்தது. கொழும்பில் வேலை தேடும் எமது பிள்ளைக்கு அந்தச் சிங்களம் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். சிறிய கடைகள் எல்லாம் நல்லவை என்று சொல்ல வரவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

"பயிற்சி" என்ற சொல்லே சில இடங்களில் பொறியாகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைப் பயிலுனர் என்ற பெயரில் மூன்று வருடத்துக்கு எடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் விடுதிகளில் அடைபட்டு நீண்ட நேரம் வேலை செய்ததையும், இடையில் விலகியவர்கள் அந்தத் தொகையை இழந்ததையும் 2011இல் வெளிவந்த அறிக்கைகள் உலகுக்குச் சொன்னன. கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி தருவதற்கு முற்பணம் கட்டு என்று கேட்பவரிடமும் அப்படியே.

ஒழுங்கான பயிற்சிகளும் எமது நாட்டில் உள்ளன. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் மாணவர் மூன்று வருடம் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயில வேண்டும். அதற்குக் கொடுப்பனவு உண்டு, அந்தக் காலம் தகைமையில் சேரும். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் பயிற்சிகள் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு வழிவிடும். ஏழு மட்டங்களைக் கொண்ட அத்தகைமையில் ஏழாவது, பட்டத்துக்குச் சமமானது. இப்படியான இடமென்றால், கைக்கு வரும் காசு குறைவானாலும் போகவிடலாம்.

மற்ற இடங்களில் சேருமுன் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, எத்தனை மணிக்கு முடியும், பயணச் செலவு உண்டா என்பன அதில் இருக்கட்டும். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து உள்ளது. ஊழியருக்கே நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலைநேரம். கற்கவந்த பிள்ளையை இரவு ஒன்பது மணிவரை வைத்திருக்க என்ன நியாயம்? கடிதம் தரத் தயங்கும் இடத்தில் அந்த மேற்பார்வையாளரைப் பற்றியும் கொஞ்சம் விசாரியுங்கள். பயிற்சிக்குப் போகும் பெண்பிள்ளை, சான்றிதழ் கிடைக்காமற் போகும் என்ற பயத்தில் சீண்டலை மறைப்பதுண்டு. பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். "சான்றிதழ் இல்லாட்டிப் பரவாயில்லை, நீ வா" என்று முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். முறையிடவும் ஆலோசனை கேட்கவும் 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இரண்டாம் கிழமை முடிவில் பிள்ளையைக் கூப்பிட்டு, இந்தக் கிழமை புதிதாக என்ன செய்தாய் என்று கேளுங்கள். நான்காம் கிழமையும் அதே பதில் வந்தால், மேற்பார்வையாளரிடம் வேறு வேலை கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் மிச்சமிருக்கும் இரண்டு மாதக் காசில் ஆங்கில வகுப்போ சிங்கள வகுப்போ பார்க்கலாம்.

பிள்ளைக்காகக் கேட்க வரும் தாய்மாருக்கு இன்னொன்று. பல வருடம் தைத்தும் சமைத்தும் கைவந்த தொழிலுக்கு, வகுப்புக்குப் போகாமலே முன் அனுபவத்தை மதிப்பிட்டு அதே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைத் தரும் முறையும் உள்ளது. விபரம் கேட்க 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தைத் தமிழிலேயே அழைக்கலாம்.