யார் வீட்டுப் பொண்ணு நீ?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'சொராரிட்டி' என்று ஒன்று இருக்கிறது. கிரேக்க எழுத்து இரண்டு மூன்றைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவியர் சங்கம். பல இடங்களில் அதற்கெனத் தனி வீடு, ஒன்றாகச் சாப்பாடு, படிப்பு முடிந்த பிறகும் சாகும்வரை 'சகோதரி' உறவு. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறி வரும் ஏழைப் பெண் இதில் சேர ஆசைப்பட்டால் அதை 'பூர்ஷ்வா மினுக்கு' என்று நம் தோழர்கள் சிலர் நக்கலடிக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணின் பக்கம். அவள் ஆசையில் குற்றமில்லை தோழர்களே, குற்றம் வாசலில் இருக்கிறது.

அவள் யார்? 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய இந்த இரண்டாண்டுக் கல்லூரிகள், கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால், பகலில் கடையில் நின்று மாலையில் படிக்கிறவர்களின் கல்லூரிகள். கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இங்கே ஏராளம். நுழைகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நாலாண்டுப் பட்டம் வாங்கும் கனவோடுதான் நுழைகிறார்கள். மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக முடிகிறது. அப்படித் தப்பிப் பிழைத்து வந்து நிற்பவளுக்கு வளாகத்தில் ஒரு முகம்கூடத் தெரியாது. மற்றவர்கள் முதலாண்டு விடுதியிலேயே கூட்டாளி பிடித்துவிட்டார்கள். எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கம்பெனியில் யாருடைய அக்கா இருக்கிறாள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலா இருக்கிறது? அது சாப்பாட்டு மேசையில் கைமாறுகிற அறிவு. அந்த மேசையில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது மினுக்கா?

இனி வாசலைப் பார்ப்போம். 'ரஷ்' என்று சில நாட்கள். வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேசி, உடையும் பாவனையும் எடைபோடப்பட்டு, கடைசியில் பிடித்தவளுக்கு அழைப்புச் சீட்டு. முதலாண்டு மாணவியை எடுத்தால் நாலு வருஷச் சந்தா. மாறி வந்தவளை எடுத்தால் இரண்டே வருஷம். கணக்கு அவ்வளவுதான். சந்தாவும் சில்லறைக் காசில்லை, பெரிய வளாகங்களில் அரையாண்டுக்கே ஆயிரக்கணக்கில் டாலர். போதாக்குறைக்குப் பழைய உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதம் வேறு. தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் 'லெகசி', அதாவது வாரிசு என்று தனி மரியாதை. (2020-க்குப் பிறகு சில அமைப்புகள் இந்த வாரிசுச் சலுகையைக் கைவிட்டன, சிபாரிசு எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை.) சேரிப் பையன் ஊர்த்தெருவில் நடந்தால் திண்ணையிலிருந்து ஒரு குரல் வருமே, 'யார் வீட்டுப் புள்ளடா நீ?' என்று. அதே கேள்விதான் இதுவும், இனிப்புத் தட்டோடு கேட்கிறார்கள்.

வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் இது எனக்குப் பழகிய தந்திரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்குத் தொடங்க வேண்டுமானால் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். காலனியில் யாருக்குமே கணக்கில்லையென்றால் யார் போடுவது? 'சாதி பார்க்கிறோம்' என்று எந்தப் படிவத்திலும் அச்சடிக்கவில்லை. அறிமுகம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் 1963 ஜூன் 11 அன்று கறுப்பின மாணவர் இருவரை மறித்து ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலிலேயே நின்றார். மத்திய அரசு படையை ஏவித்தான் அவரை நகர்த்தியது. ஆனால் அதே வளாகத்தின் வெள்ளைச் சொராரிட்டி வீடுகளுக்கு எந்தப் படை போனது? சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், 'தி கிரிம்சன் ஒயிட்' என்ற மாணவர் பத்திரிகை விஷயத்தை உடைத்தது. எடுப்பான மதிப்பெண் வாங்கிய ஒரு கறுப்பினப் பெண்ணை எடுத்துக்கொள்ள வீட்டிலிருந்த மாணவிகள் சிலரே விரும்பியிருக்கிறார்கள். பழைய மாணவிகள் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்த பிறகுதான் நிர்வாகம் அசைந்தது, சேர்க்கையைத் திறந்துவிடச் சொன்னது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். முதல் சில நாட்களில் 11 கறுப்பினப் பெண்களுக்கு அழைப்புப் போயிற்று. மதிப்பெண்ணும் செல்வாக்கும் இருந்தவளுக்கே இந்தக் கதி என்றால், சமுதாயக் கல்லூரிச் சான்றிதழோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளை எண்ணிப் பாருங்கள்.

'அவர்கள் வாசலில் ஏன் நிற்க வேண்டும், சொந்தமாகக் கட்டிக்கொள்ளட்டுமே' என்பது இன்னொரு தோழரின் வாதம். கட்டினார்களே அய்யா! 1908-இல் ஹவார்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைக் கட்டினார்கள். 1913-இல் அதிலிருந்து 22 பேர் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் மார்ச் 3 அன்று வாஷிங்டன் வாக்குரிமை ஊர்வலத்தில் இறங்கினார்கள். கறுப்பினப் பெண்களைக் கடைசியில் நடக்கச் சொன்ன ஊர்வலம் அது. பட்டம் முடித்த பெண்களையும் இந்தச் சங்கங்கள் சேர்த்துக்கொள்கின்றன. பிந்தி வந்தவளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் சிபாரிசு உண்டு, தகுதி பார்ப்பது உண்டு. கறுப்பின நடுத்தர வர்க்கம் இத்தகைய சங்கங்களில் அந்தஸ்து தேடுவதை ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1950-களிலேயே தோலுரித்தார். ஸ்பைக் லீ 1988-இல் எடுத்த 'ஸ்கூல் டேஸ்' படம் கறுப்பினக் கல்லூரிக்குள்ளேயே தோலின் நிறமும் முடியின் சுருளும் பெண்களைப் பிரிப்பதைக் காட்டியது. நாம் கட்டிய வீட்டிலும் திண்ணை முளைக்கும் தோழர்களே, உட்சாதி பார்க்கிற நமக்கா இது தெரியாது?

'அது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் இஷ்டம்' என்று நிர்வாகங்கள் கைகழுவுகின்றன. பல வளாகங்களில் வீடு நிற்பது பல்கலைக்கழக நிலத்தில், சங்கம் வாழ்வது பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தில். அங்கீகரிக்கிறவனுக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. நம் தலித் மாணவர்கள் போராடி வாங்கியது அது. அந்த மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகள் மிக அதிகமாக மாறிப்போவதும் அங்கேதான். அந்தப் பிள்ளைகள் அடுத்ததாகக் கேட்க வேண்டியது: எத்தனை மாற்று மாணவிகள் மனுப் போட்டார்கள், எத்தனை பேருக்குச் சீட்டு வந்தது என்று ஒவ்வொரு வீடும் வருஷாவருஷம் வாசலில் எழுதி ஒட்டட்டும். சிபாரிசுக் கடிதத்தைக் குப்பையில் போடட்டும். சந்தாவை மாதத் தவணையாக வாங்கட்டும்.