கிருமியின் புறச்சவ்வும் அதன் மாதிரிகளும்

நம் பரிசோதனைச்சாலையில் மாணவர்கள் ஆண்டுதோறும் கிருமிகளுக்குச் சாயமேற்றிப் பார்க்கின்றனர். ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம் என்னும் டேனிஷ் மருத்துவர் 1884-ம் ஆண்டில் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்வன ஒருவகை. அதனை இழந்து சிவப்பேற்பன மற்றொருவகை. பின்னவற்றிற்குப் புறத்தே மற்றொரு சவ்வு உண்டென்பதும், பல மருந்துகளை உட்புகவிடாது தடுப்பது அதுவே என்பதும் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. அச்சவ்வு எதனால் நிலைபெற்று நிற்கிறது என்று வினவுவோர் சிலரே.

அது இரு படலங்களால் ஆயது. உட்படலம் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு. வெளிப்படலமோ சர்க்கரைத் தொடர் பூண்ட லிப்போபாலிசாக்கரைடு. வெளிப்படலத்தின் மூலக்கூறுகள் எதிர் மின்னேற்றம் உடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளவேண்டும். அவற்றிடையே மக்னீசியமும் கால்சியமும் புகுந்து, செங்கற்களிடைச் சாந்துபோலப் பிணிக்கின்றன. இவ்வுலோகங்களைக் கவரும் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளைச் சேர்த்தால், ஈ.கோலை கிருமி தன் லிப்போபாலிசாக்கரைடில் ஏறக்குறையப் பாதியை உதிர்த்துவிடுமென 1965-ல் தெரியவந்தது. 1947-ல் கண்டறியப்பட்ட பாலிமிக்சினும் இப்பிணிப்பையே தாக்குவது. அவ்வினத்துக் கொலிஸ்டின், பிற மருந்துகள் பலியாதவிடத்துக் கடைசியாக எடுக்கப்படுவது. அதனையும் செயலறச் செய்யும் மரபணுவொன்று கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவுகிறதென்று 2015 நவம்பரில் சீனத்திலிருந்து செய்தி வந்தது. ஆதலின் இஃது ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று.

உயிருள்ள கிருமியில் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. ஆகவே ஆராய்ச்சியாளர் நீர்ப்பரப்பிற் படலங்களைப் பரப்பி, சிலிக்கன் பலகைமேற் படியவைத்து, நியூட்ரான் கதிரைத் தெறிக்கச்செய்து, எப்படலத்தில் எப்பொருள் உளதென்று அளக்கின்றனர். "இது பொம்மை, கிருமியன்று" என்பாருளர். அக்கூற்றை நாம் ஏலோம். ஆனால் இருபுறமும் ஒரே பாஸ்போலிப்பிடாலாய சவ்வை, செய்வதற்கு எளிதென்பது பற்றியே செய்துவைத்து, அதன்மேல் மருந்து விளைப்பதைக் கிருமிமேல் விளைப்பதாக உரைத்தல் கண்டிக்கத்தக்கது. படலங்கள் வெவ்வேறாக அமைந்த மாதிரியிற் கால்சியத்தை நீக்கியபோது, அவை தம்முட் கலந்துபோயின என்பதை 2015-ல் கண்டனர். ஒரே பொருளாலாய சவ்வு இதனை எக்காலத்தும் காட்டியிராது.

நல்ல மாதிரிக்கும் குறையுண்டு. பெரும்பாலும் அதிற் புரதத் துளைகள் இல்லை. நீண்ட சர்க்கரைச் சங்கிலி இல்லை. அடியிற் செல்சுவர் இல்லை. கிருமியின் உள்ளழுத்தத்தைத் தாங்குவதிற் செல்சுவரோடு புறச்சவ்வும் பெரும்பங்கு கொள்கிறதென 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி, உயிருள்ள கிருமிகளைக் கொண்டே செய்யப்பட்டது.

நியூட்ரான் கதிர் நம் கல்லூரிக்கு எட்டாததே. எனினும் நீர்ப்பரப்பின் படலத்தை அளக்கும் தொட்டி அரும்பொருளன்று. ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண்மணி, சர்வகலாசாலையிற் பயிலாதவர், வீட்டுவேலைகளினிடையே தகரத் தொட்டியொன்றால் அவ்வாராய்ச்சியைச் செய்தார். 1891-ல் ராலே பிரபுவின் உதவியால் அது 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. அத்தகைய தொட்டியொன்றை நம் சாலையில் அமைத்து, கொழுப்பமிலப் படலம் பரப்பி, நீரிற் கால்சியம் சேர்க்குமுன்னும் சேர்த்தபின்னும் மாணவர் அளந்து பார்க்கும்படி செய்யலாம். சாயமேற்றும் வகுப்பு ஒருநாள் குறைந்தால் நஷ்டமொன்றுமில்லை.