ரிம் வாங்கும் முன் ரோட்டைப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பசியாறிக்கொண்டிருந்தோம். எதிரே என் அக்கா மகன். பாயான் லெப்பாஸில் பொறியியலாளர் வேலை. ஐந்து வருடம் சேர்த்த பணத்தில் பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வாங்கியிருந்தான். தோசை ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியை என் பக்கம் நீட்டினான்.

“மாமா, இந்த ரிம் எப்படி இருக்கு? 19 அங்குலம். இதோட ஹைலோவும் போட்டுட்டா கார் தரையோட ஒட்டி நிக்கும்.”

“கார்ல யார் யார் உட்காருவாங்க?”

“நான்தான். சனி ஞாயிறு அம்மா, அப்பா.”

“எந்த ரோட்டுல ஓடும்?”

“பட்டவொர்த் வீட்டுலேருந்து பாலம் தாண்டி வேலைக்கு. மாசத்துல ரெண்டு தடவ கூட்டாளிங்களோட தெலுக் பஹாங் பக்கமா பாலிக் புலாவ்.”

“அப்படின்னா ரிம்மை அப்புறம் பார்ப்போம். ரோட்டை முதல்ல பார்ப்போம்.”

அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்போர்ட் ரிம், சஸ்பென்ஷன் பற்றி இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் கேட்கிறார்கள், வேறு குரலில்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 90களின் கடைசியில் என்னிடம் ஒரு புரோட்டோன் வீரா இருந்தது. காசை மிச்சம் பிடிக்க ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டித் தாழ்த்தினேன். பட்டறையின் பெயர் வேண்டாம். வெட்டச் சொன்னவன் நான்தான். ஒரு மழை மாலையில் பாலிக் புலாவிலிருந்து துன் சர்டோன் சாலையில் இறங்கினோம். வளைவில் ஒரு பள்ளம். குட்டை ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, பின்பக்கம் அடிவாங்கித் துள்ளியது. டயர் பிடியை விட்டது. கார் அரை வட்டம் சுற்றி, சாக்கடை ஓரம் நின்றது. பக்கத்தில் ஆறு மாதக் கர்ப்பிணியாக என் மனைவி. யாருக்கும் காயமில்லை. வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் புது ஸ்பிரிங் வாங்கினேன்.

‘இது நான்கு சக்கரமும் இழுக்கிற கார், வழுக்காது’ என்று மருமகன் சொன்னான். பலரும் நம்புகிற விஷயம் இது. ஆல் வீல் டிரைவ் உதவுவது முக்கியமாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது. பிரேக் பிடிக்க எல்லாக் காரிலும் நான்கு சக்கரம்தான். ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர். ரிம், ஸ்பிரிங், அப்சார்பர் மூன்றுக்கும் வேலை ஒன்றே: அந்த உள்ளங்கையை ரோட்டிலிருந்து தூக்காமல் வைத்திருப்பது.

நம் நாட்டு ரேலி வீரர் கரம்ஜித் சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2002இல் ஆலன் ஓ துணை ஓட்டுநராக இருக்க, புரோட்டோன் பெர்ட் காரில் புரொடக்‌ஷன் பிரிவு உலக ரேலிப் பட்டத்தை வென்றவர். அந்தப் பெர்ட், மிட்சுபிஷி லான்சர் எவோவை அடிப்படையாகக் கொண்டது. அதுவும் நான்கு சக்கர இழுவைதான். ரேலி உலகில் ஒரே காருக்கு மண் பாதையில் 15 அங்குல ரிம், தடித்த டயர், உயர்ந்த சஸ்பென்ஷன். தார் ரோட்டில் 18 அங்குல ரிம், மெல்லிய டயர், தாழ்ந்த சஸ்பென்ஷன். ரோடு மாறினால் சக்கரமும் மாறும். அழகுக்காக அவர்கள் ஓர் அங்குலம்கூடக் கூட்டுவதில்லை.

முதலில் டயர்

ரிம்முக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மலிவு டயர் மாட்டுவது நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. நம் ஊர் மழையில் உயிரைப் பிடித்து வைப்பது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆல் வீல் டிரைவ் காரில் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. ஆரத்தில் பார்த்தால் வெறும் ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் நேர் ரோட்டிலும் முன் பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பவர், பிறகு கியர்பாக்ஸ் பட்டறையில் அதைவிடப் பெரிய தொகையைக் கட்டலாம்.

அடுத்து ரிம்

மருமகன் காரில் அசல் அளவு 235/45 ஆர்17. டயரோடு சேர்ந்த விட்டம் சுமார் 643 மில்லிமீட்டர். 18 அங்குலத்துக்குப் போனால் 235/40 ஆர்18 சரியாக வரும்: 645. மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 106 மில்லிமீட்டரிலிருந்து 94க்கு இறங்கிவிடும். 19க்குப் போனால் இன்னும் குறையும். பள்ளத்தில் அடிபடும்போது ரிம்மைக் காப்பது அந்தச் சுவர்தான். தாமான் ரோட்டு பம்ப், ஜார்ஜ்டவுன் பழைய தெருக்களின் சாக்கடை ஓரம், மழை நீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழி, எல்லாம் 19 அங்குல ரிம்முக்கு எதிரிகள்.

பாரக் குறியீட்டையும் பாருங்கள். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 91 என்றால் 615தான். அசல் டயரைவிடக் குறைந்த எண் வேண்டாம். பின் இருக்கையில் அம்மா, அப்பா இருக்கிறார்கள்.

கடையில் கேட்க வேண்டியவை இன்னும் மூன்று. ஒன்று, போல்ட் துளைகள் அமைந்த வட்டம்: பழைய டபிள்யூஆர்எக்ஸுக்கு 5x100, 2014க்குப் பின் வந்த வடிவத்துக்கு 5x114.3. இரண்டு, நடு ஓட்டை: சுபாருவுக்கு 56.1 மில்லிமீட்டர். ரிம்மின் ஓட்டை பெரிதாக இருந்தால் சரியான ஹப் ரிங் போடாமல் ஓட்டாதீர்கள். வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று, ஆஃப்செட். அசல் 8 அங்குல அகலம், 55 ஆஃப்செட் என்று வைத்துக்கொள்வோம். 8.5 அகலம், 45 ஆஃப்செட் ரிம் போட்டால் சக்கரம் வெளியே 16 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். மட்கார்டைத் தாண்டித் துருத்தினால் ரோட்டில் ஜேபிஜே நிறுத்தும். ஆள் ஏறினால் டயர் உரசும்.

எடையையும் கேளுங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் சக்கரம் பள்ளத்தைப் பின்தொடர்ந்து இறங்குவதைத் தாமதப்படுத்தும். கனமான 19ஐவிட இலேசான 17 நன்றாக ஓடும். ஜப்பான் ரிம் என்று விற்றால் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளைத் தேடுங்கள். முத்திரையையும் போலியாக அடிப்பார்கள், ஆகவே விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். ஹாஃப் கட் கடையில் பழைய ரிம் வாங்கினால், பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, வெடிப்போ வளைவோ இருக்கிறதா என்று பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

கடைசியில் சஸ்பென்ஷன்

பழைய காரை வாங்கியவர் ஹைலோவுக்கு முன் அப்சார்பர், புஷ், மேல் மவுண்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ‘கார் ஆடுது’ என்ற குறையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் தாழ்த்த ஆசையா? 20, 30 மில்லிமீட்டர் போதும், அதுவும் அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்திய அப்சார்பரோடு. அசல் அப்சார்பரில் குட்டை ஸ்பிரிங்கைத் திணித்தால் அது சீக்கிரம் ஒழுகும். ஹைலோவில் கடினத்தை முழுதாக ஏற்றி வைத்தால் சமமான டிராக்கில் கார் கத்திபோல் திரும்பலாம். மேடு பள்ளமான மலை வளைவில் டயர் தரையை விட்டு எம்பும். கடினம் வேறு, பிடி வேறு.

உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும். அன்றே அலைன்மெண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் டயரின் உள் ஓரம் சில மாதத்தில் மொட்டையாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நட்டை ஏர் கன்னால் இறுக்கி அனுப்பிவிட விடாதீர்கள். டார்க் ஸ்பேனரால் அந்தக் காருக்குரிய அளவு. 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை. மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவித்துப் பயனில்லை.

மருமகன் முகம் சுருங்கித்தான் போனது. ஆனால் கணக்குப் போடத் தெரிந்த பையன். நல்ல டயர் நான்கு, புது மேல் மவுண்ட், பின்பக்க அப்சார்பர் இரண்டு, அலைன்மெண்ட். அசல் 17 அங்குல ரிம்மைச் சாயம் அடித்து வைத்துக்கொண்டான். மீதிப் பணத்தில் கொஞ்சம் இன்னும் வங்கியில் இருக்கிறது. ஹைலோ பேச்சும் இன்னும் இருக்கிறது.

போன வாரம் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு அவன் காரில்தான் திரும்பினோம். பாலத்தின் இணைப்புகளைக் கார் தட்டித் தட்டிக் கடந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் அக்கா கதவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா?” என்றேன்.

அவனும் கண்ணாடியில் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.