மண்வாசனைக்குள்ளே ஒரு மருந்துக்கடை!

முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம் ஜியோஸ்மின் என்றொரு பொருளைச் சுரக்கிறது. அந்த வாசனையில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்ததும் இதே குடும்பம். 1943-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் அது. (1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது தனிக்கதை!)

பிறகென்ன? உலகம் முழுக்க மண்ணை அள்ளி அள்ளிச் சலித்தார்கள். புதுப்புது மருந்துகள் வந்தன. ஒரு கட்டத்தில் கிடைத்ததே திரும்பத் திரும்பக் கிடைத்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுதான் ஆய்வகத் தட்டில் வளரும் என்பதுதான் சிக்கல். மற்றவை இடம் மாறினால் அடம்பிடிக்கும்.

இதற்குள் கிருமிகள் பழைய மருந்துகளுக்குப் பழகிவிட்டன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்கிறது லான்செட் இதழில் வந்த கணக்கு.

பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டீனும் வேறு மாதிரி யோசித்தார்கள். பாக்டீரியா ஆய்வகத்துக்கு வராவிட்டால், ஆய்வகம் மண்ணுக்குப் போகட்டுமே! நூற்றுக்கணக்கான பொடித்துளைகள் கொண்ட ஒரு சின்னத் தகடு. பெயர் 'ஐசிப்'. துளைக்கு ஒரு பாக்டீரியா வரும்படி மண் கரைசலை நிரப்பி, இரு பக்கமும் சவ்வால் மூடி, மறுபடி மண்ணிலேயே வைத்துவிடுவார்கள். சத்து உள்ளே வரும். பாக்டீரியா வெளியே போகாது. சொந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி, பாதிக்குப் பாதி வளர்ந்துவிடுகின்றன.

மெய்ன் மாநிலத்துப் புல்வெளி மண்ணிலிருந்து அப்படிக் கிடைத்தது டெய்க்ஸோபாக்டின். 2015-ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். கிருமி தன் சுவரைக் கட்ட வைத்திருக்கும் செங்கல்லையே இது பிடித்துக்கொள்கிறது. அதனால் கிருமி தப்பிக்க வழி தேடுவது கஷ்டம். பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி தாக்கிய எலிகள் பிழைத்தன. ஆனால், சிறுநீர்த்தொற்றைக் கொண்டுவரும் ஈ.கோலை போன்றவற்றிடம் இதன் பாச்சா பலிக்காது.

இவ்வளவு நல்ல மருந்து ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்கவே வருடக்கணக்கில் ஆகும். பணமும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் சில நாள் மருந்து. சர்க்கரை மாத்திரை மாதிரி ஆயுசுக்கும் விற்காது. 2018-ல் ஒரு புது ஆன்டிபயாடிக்குக்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கிய அக்கேயோஜென் நிறுவனம், மறுவருடமே திவால்!

ஆனாலும் தேடல் நிற்கவில்லை. 2023-ல் அதே ஐசிப், நார்த் கரோலினாவின் மணலிலிருந்து க்ளோவிபாக்டின் என்ற இன்னொன்றைக் கொடுத்திருக்கிறது.