காணத்தகாதவளும் காண மறுப்போரும்: ‘மாடத்தி’ திரைப்படத்தை மும்பையில் நின்று நோக்கல்

முன்னுரை

லீனா மணிமேகலை இயக்கிய ‘மாடத்தி’ என்னும் திரைப்படம் 2019-ஆம் ஆண்டு பூசன் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்று, 2021-இல் இணையவழி வெளியாயிற்று. புதிரை வண்ணார் குலத்தில் பிறந்த யோசனா என்னும் பருவப்பெண், ஊரார் கண்ணில் படுதலே தீட்டு என விலக்கப்பெறுகிறாள். அவ்வூர் ஆடவராலேயே சிதைக்கப்பெற்று இறந்தபின் தெய்வமாகிறாள். இப்படத்தை நெல்லைச் சீமையின் பழங்கதை எனவும், நாட்டார் தெய்வத் தோற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு எனவும் வகைப்படுத்தி அமைதியடைவோர் உளர். அவ்வாறு அமைதியடைதல் படத்தின் பொருளையே மறுப்பதாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இழிவு என்பது மண்ணோடு கிடப்பதன்று, மனிதரோடு பெயர்வது. இவ்வுண்மையை உரைத்துப் பார்ப்பதற்குத் தாராவியும் மாதுங்காவும் செம்பூரும் அடங்கிய மும்பைத் தமிழகத்தினும் பொருத்தமான களம் பிறிதில்லை.

பழங்கதை என்னும் பிழை

திருநெல்வேலி மாவட்டத்தில் பகற்பொழுதில் வெளிப்படக்கூடாதவராக வண்ணார் பிரிவினர் வாழ்ந்த செய்தியை ‘இந்து’ நாளிதழ் 1932 டிசம்பர் 24 அன்று வெளியிட்டது. நள்ளிரவிற்கும் விடியலுக்கும் இடையே பிற ஒடுக்கப்பட்ட சாதியாரின் துணிகளை வெளுப்பது அவர்தம் தொழில். இச்செய்தியை ஹட்டன் தம் சாதி பற்றிய நூலிலும் எடுத்தாண்டுள்ளார். ஆகவே படத்தின் தொடக்கத்தில் தாயும் மகளும் புதர்மறைவில் ஒடுங்குவது இயக்குநரின் கற்பனை அன்று.

இது 1932-உடன் முடிந்ததா எனின், இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தியின் வாழ்வை நாவலாக்கியபோது, ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்று காட்டியமைக்காகவே கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. 2009-இல் தமிழக அரசு புதிரை வண்ணார்க்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. இறந்துபோன வழக்கத்திற்கு எந்த அரசும் வாரியம் அமைப்பதில்லை.

தெய்வமாக்கல் மாண்பாகுமா?

கொலையுண்ட பெண் தெய்வமாதலைப் பெண்ணாற்றலின் வெற்றியாகக் காணும் நோக்கு நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் வேரூன்றியுள்ளது. ‘மாடத்தி’ இந்நோக்கிற்குச் சான்று அளிக்கவில்லை. அதனைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. யோசனாவின் தாய் வேணி ஊர்ப்பெண்டிரின் தூமைத்துணியை வெளுக்கிறாள். அவள் தீண்டிய துணி ஊருக்குத் தூய்மையாகிறது. அவள் மட்டும் தீட்டாகவே எஞ்சுகிறாள். அவளும் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். கண்ணில் படலாகாது என்போரின் கைகட்கு அவ்விலக்கு இல்லை.

உயிரோடிருந்தபோது காணத்தகாதவளாய் இருந்தவள், கல்லானபின் காட்சி தருபவளாகிறாள். இம்மாற்றத்தால் பயன் பெறுபவர் யார்? கொன்றவர்க்கு அச்சந்தீர ஒரு படையல் கிடைக்கிறது. ஆய்வாளர்க்கு ஒரு தலைப்புக் கிடைக்கிறது. உயிரோடிருக்கும் அவள் இனத்தார்க்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தெய்வமாக்கல் அச்சத்தின் விளைவேயன்றி நீதியின் விளைவன்று. இவ்வேறுபாட்டைக் கூறாது தொன்மத்தின் அழகை மட்டும் போற்றும் ஆய்வு, ஊரார் கட்டிய கோயிலுக்கு மேலும் ஒரு சுவர் எழுப்புகிறது.

மும்பையில் நின்று காணின்

ஊரை நீங்கினால் இழிவும் நீங்கும் என்பது அடுத்த வாதம். தமிழ்த் திரைப்படம் இதனைப் பெரிதும் வளர்த்துள்ளது. ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகியவற்றில் தென்மாவட்டத்தினின்று பெயர்ந்த ஆண்மகன் தாராவியில் தலைவனாகிறான். ஊரில் ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு அத்தகைய மும்பையைத் திரைப்படம் படைத்துத் தந்ததாகக் கூறவியலாது.

உண்மை மும்பையோ வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நெல்லைப் பகுதி ஆதிதிராவிடர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தனர். படித்த மேல்சாதித் தமிழர் மாதுங்காவில் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். பின்னர்ச் செம்பூருக்கும் பரவினர். மத்திய இருப்புப்பாதையின் மேற்கே தாராவியும் கிழக்கே தமிழர் வாழும் மாதுங்காவும் அமைந்துள்ளன. ஆயிரம் கல் கடந்து வந்தோர் ஊரையும் சேரியையும் உடன்கொண்டே வந்தனர் என்பதற்கு அவ்விருப்புப்பாதையே சான்று.

இங்கு மற்றொரு காணாமை சட்டத்தின் வழியே நிகழ்கிறது. 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதிகள் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. தமிழகப் பட்டியலில் உள்ள புதிரை வண்ணார் மகாராட்டிரப் பட்டியலில் இல்லை. மும்பைக்குப் பெயர்ந்த ஆந்திர மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த வழக்கில் 1990-இலும், மகாராட்டிரத்தில் சாதிச் சான்று வழங்குதல் குறித்த வழக்கில் 1994-இலும், பெயர்ந்து வந்தோர் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோரவியலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் இக்கொள்கையை உறுதி செய்தது. நடுவண் அரசின் வாய்ப்புகள் மட்டும் எஞ்சும்.

ஒரு சாதியின் பின்தங்கிய நிலை அந்தந்த மாநிலச் சூழலைச் சார்ந்தது என்பது நீதிமன்றத்தின் காரணம். மண்ணின் ஒடுக்கப்பட்டோர் பங்கு குறைந்துவிடலாகாது என்னும் கவலையும் நேரியதே. ஆயினும் இக்காரணத்தின் அடியில் இழிவு புறப்பட்ட ஊரிலேயே தங்கிவிடும் என்னும் எண்ணம் உள்ளது. ‘மாடத்தி’யைப் பழங்கதை என்போர் எண்ணமும் அதுவே. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் “எந்த ஊர், யார் மக்கள்?” என்று வினவும் வழக்கத்தை மும்பைத் தமிழர் கைவிட்டாரல்லர். வினா உடன் வந்திருக்க, உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. யோசனா உயிர்பிழைத்துத் தாராவிக்கு வந்திருப்பின், ஊர் அவளைக் காண மறுத்ததுபோல் இம்மாநிலப் பதிவேடும் காண மறுத்திருக்கும்.

முடிவுரை

‘மாடத்தி’ குறையற்ற படம் அன்று. காட்டின் எழில் சிலவிடங்களில் கொடுமையின் கூர்மையை மழுக்குகிறது. ஆயினும் அது எழுப்பும் வினா தப்ப முடியாதது: காணத்தகாதவள் என்று ஒருத்தியை ஆக்கியவர் யார்? பார்வை உடையவரே. தமிழ்த்துறைகள் இப்படத்தை நாட்டார் வழக்காற்றியல் தாளில் அடைத்துவிடாமல், ‘கோவேறு கழுதைக’ளோடும் மேற்கூறிய தீர்ப்புகளோடும் ஒருங்கு வைத்துப் பயிற்றுதல் வேண்டும். புலம்பெயர் தமிழர் ஆய்வு என்றால் கடல்கடந்த நாடுகளையே எண்ணும் வழக்கம் மாறி, தாராவியின் பெண்கள் தம் ஊரையும் குலத்தையும் பற்றி என்ன சொல்கின்றனர், எதனைச் சொல்லாது விடுகின்றனர் என்பது களஆய்வாகப் பதிவு பெறல் வேண்டும். அதனைச் செய்யாதவரை, மாடத்திக்குக் கோயில் எழுப்பிய ஊராரைக் குறை கூறும் தகுதி ஆய்வாளர்க்கு இல்லை.