அழகா இருந்தா அது பக்தி இல்லையா?

ரொக்கோக்கோ ஓவியம்னு சொன்னதும் பலருக்கும் ஞாபகம் வர்றது பிரெஞ்சு சீமாட்டிகள், ஊஞ்சல், ரோஜாப்பூ, கொழுகொழு குழந்தைகள். 'கண்ணுக்கு இனிப்பு, உள்ளே ஒண்ணுமில்லை'ன்னு ஒரு தீர்ப்பு வேற. அந்தப் பாணியில வரைஞ்ச மாதா படம்னா கேட்கவே வேணாம். எனக்கு இதுல கொஞ்சமும் உடன்பாடில்லை.

சாட்சிக்கு ஒரே ஒரு படம்: வெனிஸ் ஓவியர் தியெப்போலோவின் 'அமலோற்பவ மாதா'. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துல இருக்கு. 1767ல ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ், அரான்ஹுவெஸ் ஊர்ல புதுசா கட்டின தேவாலயத்துக்காக 7 பீட ஓவியங்கள் கேட்டார். தியெப்போலோவுக்கு அப்ப 71 வயசு. ரெண்டே வருஷத்துல ஏழையும் முடிச்சுட்டார்.

மாதா உலக உருண்டை மேல நிக்கிறாங்க. காலடியில, வாயில கனியைக் கவ்வின பாம்பு. பிறைநிலா, தலையைச் சுத்தி நட்சத்திரங்கள், மேலே புறா. எல்லாம் வழக்கமான அடையாளங்கள்தான். ஆனா முகத்தைப் பாருங்க. கண்ணீர் இல்லை, வானத்தைப் பார்த்து ஏங்குற பார்வை இல்லை. இமை தாழ்த்தி, ஒரு ராணியோட தோரணையில நிக்கிறாங்க. பாம்பை ஒரு பொருட்டாவே மதிக்கலை.

இதைத்தான் 'ஆடம்பரம், பக்தி கம்மி'ம்பாங்க. நான் கேட்கிறேன்: ஜென்மப் பாவம் தீண்டாமலே கருவானவர் மரியாள் என்பதுதானே அமலோற்பவத்தின் பொருள்? தீண்டாத பாவத்தைக் கண்டு அவங்க ஏன் பதறணும்? அந்த அலட்சியம் அலங்காரம் இல்லைங்க, அதுதான் கொள்கையே. திருச்சபை இதை விசுவாசக் கோட்பாடா அறிவிச்சது 1854ல. கிழவர் அதுக்கு 85 வருஷம் முன்னாடியே ஒரு முகத்துல சொல்லிட்டார்.

1770 மார்ச்ல தியெப்போலோ மாட்ரிட்லயே இறந்துட்டார். கொஞ்ச நாள்லயே ஏழு படங்களையும் பீடங்கள்ல இருந்து இறக்கிட்டாங்க. புது ரசனைக்கு ஏத்த மாதிரி மெங்ஸ் முதலானவங்க வரைஞ்சது அங்கே ஏறிடுச்சு. இறக்கினதுல சிலதைத் துண்டு துண்டா வெட்டியும் இருக்காங்க. இந்த மாதா முழுசா தப்பிச்சாங்க.

தப்பிச்சதுல எனக்கு முழு சந்தோஷமும் இல்லை. பீடத்துக்கு வரைஞ்ச படம் இது. கீழே முழங்கால் போட்டு அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, அந்தத் தாழ்ந்த பார்வை தன் மேலேயே விழுதுன்னு தோணியிருக்கும். அருங்காட்சியகத்துல யாரும் முழங்கால் போடுறதில்லையே!

உருக்கம் மட்டும்தான் பக்தின்னு யார் முடிவு பண்ணினது? உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க மக்களே. சண்டைக்கும் நான் தயார் :-)