பெருநாள் எந்த வீட்டில்?

என் பிறந்த வீடு காயல்பட்டினம். கணவருக்கு ஆம்பூர். அங்கே தமிழ், உம்மா, வட்டலப்பம். இங்கே உருது, அம்மி, சீரகச் சம்பா பிரியாணி. நாங்கள் இருப்பது சென்னையில்.

சில வருடங்களாக ஹஜ்ஜுப் பெருநாள் பள்ளி திறந்த பிறகே வந்தது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முந்துவதால், இப்போது கோடை விடுமுறைக்குள் நுழைந்துவிட்டது. 2026-ல் மே கடைசி, 2027-ல் மே நடுவில். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத்தான் கவலை. முதல் நாள் எந்த வீட்டில் இருப்பது? இரண்டு பாட்டிகளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. யாரிடமும் 'அடுத்த வருஷம் வர்றோம்' என்று சொல்ல மனசு வரவில்லை.

வழி சொன்னவர் மாமியார்தான். ஆம்பூர் வீட்டில் ஹனஃபி வழக்கம், குர்பானிக்கு மூன்று நாள். காயலில் ஷாஃபி, நான்கு நாள். "உங்க ஊர்லதான் ஒரு நாள் கூட இருக்கே! முதல்ல இங்கே வாங்க, அப்புறம் அங்கே போங்க" என்றார்.

உம்மாவிடம் தயங்கித்தான் சொன்னேன். "நீங்க வர்ற அன்னிக்குத்தான் எனக்குப் பெருநாள்" என்றார்.

இனி வேலைதான். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்குத் தேதியைக் குறித்து வைத்தாயிற்று. புதுத்துணி தையலுக்கு, குர்பானிப் பங்குக்கு முன்பணம் எடுத்து வைத்தாயிற்று.

உங்களுக்கும் இரண்டு ஊரா? நீங்களே முடிவெடுத்து மருகாதீர்கள். பெரியவர்களிடமே கேளுங்கள், நாம் நினைப்பதைவிட அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள்.